பழைய நாவலில் பக்கம் தாண்டலாமா?

04.06.2023, இரவு 10.40

ஒரு சந்தேகம். பழைய நாவல்களைப் படிக்கும்போது அலுப்பூட்டும் பக்கங்களைத் தாண்டிச் செல்வது குற்றமா?

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். பகலெல்லாம் பேரேட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் கதைப்புத்தகம் வாசிப்பவன். படம் பார்த்த கையோடு பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் மலிவுப் பதிப்பில் வாங்கி வந்தேன். வந்தியத்தேவன் குதிரையில் போகும் வரை நானும் உடன் போகிறேன். ஆசிரியர் குதிரையை நிறுத்திவிட்டு ஏரியின் வரலாற்றையும், கோயிலின் சிறப்பையும், யாரோ பாடும் பாசுரத்தையும் சொல்லத் தொடங்கினால், அடுத்த பேச்சு எங்கே வருகிறது என்று மேற்கோள் குறியைத் தேடி என் கண் கீழே இறங்கிவிடுகிறது. இதைச் சொன்னபோது அலுவலக நண்பர் ஒருவர், அப்படியானால் நீங்கள் அந்த நாவலைப் படிக்கவில்லை, கதையைத் தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பவன் ரசம் சாப்பிடவில்லை என்று யாராவது சொல்வார்களா?

05.06.2023

பழைய இலக்கியம் என்றால் உரையோடு சேர்த்து ஒரு வரி விடாமல்தான் படிக்க வேண்டும் என்று எழுதியிருப்பவருக்கு: நான் கேட்டது நாவலைப் பற்றி. தமிழில் நாவல் என்று ஒன்று அச்சாகி வந்தது 1879இல். இன்னும் நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. அதைச் சங்கப்பாட்டோடு ஒரே தட்டில் வைத்து அச்சுறுத்த வேண்டாம்.

11.06.2023

ஒரு வாரமாக யோசித்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அலுப்பு நாவலில் இல்லாமல் நான் படிக்கும் வேகத்திலிருந்து வந்திருக்கலாம். பொன்னியின் செல்வன் வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடராக வந்தது. வாரம் முழுவதும் காத்திருந்தவருக்கு ஏரியின் வருணனை ஒன்றரைப் பக்கம் வந்தால் அது விருந்தாக இருந்திருக்கும். நான் ஒரே மூச்சில் எட்டு அத்தியாயங்களை விழுங்கிவிட்டு, எட்டாவது வருணனையில் வயிறு முட்டிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இன்றிலிருந்து இரவுக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் கிடையாது.

12.06.2023

மேலே எழுதியதில் ஒரு பிழை. கணக்கு எழுதுபவன் செய்யக்கூடாத பிழை என்பதால் நானே திருத்திவிடுகிறேன். ஐந்து பாகங்களின் அத்தியாயங்கள் 57, 53, 46, 46, 91, கூட்டினால் 293. தொடர் 1950ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1954ஆம் ஆண்டின் நடுவில் முடிந்திருக்கிறது. வாரங்களாக எண்ணினால் ஏறத்தாழ 185. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 293 அத்தியாயங்களை அதற்குள் அடைக்கவே முடியாது. சராசரியாக ஒன்றரைக்குச் சற்று மேலே வருகிறது. ஆகவே பல வாரங்களில் இரண்டு அத்தியாயங்கள் வந்திருக்க வேண்டும். என் வாதத்துக்கு இதனால் பெரிய சேதமில்லை. எட்டு எங்கே, இரண்டு எங்கே.

18.06.2023

இரவுக்கு ஓர் அத்தியாயம் என்ற விரதம் மூன்றாம் நாளே முறிந்தது. சதிகாரர்கள் கூடும் நள்ளிரவில் அத்தியாயத்தை முடித்துவிட்டு, மறுநாள் வரை பொறு என்றால் யாரால் முடியும்? அக்காலத்து வாசகரிடம் அடுத்த அத்தியாயம் இல்லை. அதனால் அவர் பொறுத்தார். என்னிடம் அது அடுத்த பக்கத்தில் கிடக்கிறது. இல்லாமையால் வந்த பொறுமையை மன உறுதியால் வரவழைக்கப் பார்த்தது என் பிழை.

25.06.2023

இடையில் வேறொரு நாவலுக்குப் போய் வந்தேன். கமலாம்பாள் சரித்திரம். பி. ஆர். ராஜம் ஐயர் அதை விவேக சிந்தாமணி என்ற மாத இதழில் 1893 முதல் 1895 வரை எழுதினார். தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முதல் பாதியைப் படித்துப் பாருங்கள். மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்ற கிராமம், அங்கே ஒரு தம்பதி, அவர்களைச் சுற்றி ஊர் வம்பு. பெண்கள் கூடிப் பேசும் இடங்களில் யாருடைய வாயிலிருந்து தொடங்கிய செய்தி யாருடைய வாயில் என்னவாக முடிகிறது என்பதை அவர் காட்டும் விதத்தைப் பார்த்தால், இப்போதைய குடும்பக் குழுக்களில் செய்தி பரவும் வழி அப்படியே கண்முன் வருகிறது. அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர் வரும் பக்கங்களில், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறந்து சிரித்தேன். அங்கே ஒரு வரியையும் தாண்டவில்லை. தாண்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு இரண்டாம் பாதி வந்தது. ஊர் மறைந்து வேதாந்தம் தொடங்கியது. குரு வந்தார், உபதேசம் வந்தது. நான் பத்துப் பக்கம் தாக்குப்பிடித்தேன், அப்புறம் கடைசி அத்தியாயத்துக்குப் போய் எல்லோரும் நலமா என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

02.07.2023

கடைசி அத்தியாயத்துக்குப் போனதற்கு மூன்று பேர் கண்டனம் தெரிவித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொல்வது எனக்கு உறைத்தது: இரண்டாம் பாதியைச் சொல்வதற்காகவே அவர் முதல் பாதியை எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள்? அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நாவல் நூலாக வந்த அதே 1896இல் அவர் பிரபுத்த பாரத என்ற ஆங்கில வேதாந்த இதழின் ஆசிரியரானார். 1898இல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அப்படிப்பட்டவருக்கு வேதாந்தம் கதையிலிருந்து விலகிப் போன வழியாக இருந்திருக்காது. போய்ச் சேர வேண்டிய ஊராகவே இருந்திருக்கும்.

ஆனாலும் ஒரு பக்கம் ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டதால் அந்தப் பக்கம் எனக்கு இனித்துவிடுவதில்லை. இன்று மறுபடியும் முயன்றேன். ஆறு பக்கம்.

09.07.2023

இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பொன்னியின் செல்வனின் மலிவுப் பதிப்பில் நான் தற்போது படித்துக்கொண்டிருக்கும் பாகத்தில் 321ஆம் பக்கத்திலிருந்து 336 வரை இரண்டு முறை இருக்கிறது. 337இலிருந்து 352 வரை இல்லவே இல்லை. பைண்டிங்கில் ஒரு ஃபாரத்தை இரண்டு முறை வைத்து, அடுத்த ஃபாரத்தை விட்டுவிட்டார்கள். ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். அந்த விலைக்கு அவர்கள் தாள் கொடுத்ததே பெரிது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த இடத்தை நான் கடந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இருமுறை வந்த பக்கங்களை முதலில் படித்தபோது பாதி தாண்டியிருந்ததால், இரண்டாம் முறை வந்தபோது அவை எனக்குப் புதியனவாகத் தெரிந்திருக்கின்றன. விடுபட்ட பதினாறு பக்கங்களை நான் தாண்டியதாகவே எண்ணி மேலே போயிருக்கிறேன். என் மகள் புத்தகத்தைப் புரட்டும்போது பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அச்சகத்தாரே தாண்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அலுவலக நண்பரிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

10.07.2023

விடுபட்ட பக்கங்களை மதுரைத் திட்டத்தின் மின்னூலில் படித்தேன். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் அவை எங்கும் கிடைக்கின்றன. கைபேசியில் படிக்கும்போது நான் தாண்டவில்லை என்பது வியப்பாக இருந்தது. திரையில் எட்டுப் பத்து வரிதான் தெரிகிறது, மேற்கோள் குறியைத் தேடிக் கண்ணை ஓட்டுவதற்குக் கீழே இடமில்லை.

16.07.2023

பழைய பதிப்புகளைத் தேடிப் படியுங்கள், அவற்றில் பிழை குறைவு என்று பரிந்துரைப்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகத்தில் லை, னை போன்றவற்றுக்குத் தும்பிக்கை உண்டு. நான் அந்த எழுத்தைப் பார்த்து வளர்ந்தவன், எனக்கு அது பொருட்டில்லை. என் மகள் முதல் பக்கத்தில் நான்கு இடத்தில் நின்று, அப்பா, இந்த யானை என்ன எழுத்து என்று கேட்டாள். அவளுடைய அலுப்பை ஆசிரியர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

03.08.2023, ஆடிப்பெருக்கு

இந்த நாளில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்; பொன்னியின் செல்வன் தொடங்குவது ஓர் ஆடிப்பதினெட்டில்தான்.

அம்மாவுக்கு வயது எழுபத்தேழு. சென்ற மாதம் கண்புரை அறுவை நடந்தது. சில வாரங்களுக்குப் படிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சியும் கண்ணை உறுத்துகிறது என்றார். இரவில் நான் படிப்பதைச் சத்தமாகப் படித்தால் தாமும் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். சரியென்று முதல் பாகத்தை மறுபடியும் தொடங்கினேன். வழக்கம்போல, வந்தியத்தேவன் ஏரிக்கரையில் வரும் இடத்தில், நேரே ஆட்கள் பேசும் இடத்துக்குத் தாவினேன்.

“நிறுத்து. மதகு எண்ணுவானே, அது எங்கே?” என்றார் அம்மா.

அறுபது ஆண்டுகளுக்கு முன் தம் அத்தை படிக்கக் கேட்டது அவருக்கு நினைவிருக்கிறது. நான் பின்னால் திரும்பிப் படித்தேன். வீரநாராயண ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று கேள்விப்பட்ட வந்தியத்தேவன், அது உண்மைதானா என்று எண்ணிக்கொண்டே வருகிறான். நாவலில் கணவாய் என்று இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் பிறந்த அம்மாவுக்கு அது மதகு. அந்த ஏரிதான் இன்றைய வீராணம். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரும் நாளை அம்மா சொல்லத் தொடங்கினார்: முதல் தண்ணீர் காவி நிறமாக, நுரையும் சருகுமாக, வெயிலில் வெடித்துக் கிடந்த தரையின் வெடிப்புகளுக்குள் இறங்கி இறங்கி, ஒவ்வொரு வெடிப்பும் நிரம்பும்போது களுக்கென்று ஒரு சத்தம் வரும் என்றார். பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடுவார்களாம்; தண்ணீர் அவர்களை முந்தாது, ஆனால் நிற்கவும் செய்யாது.

அன்றைக்கு நாவல் இரண்டு பக்கம்தான் நகர்ந்தது. படுக்கப் போகும்போது, சென்னையில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஏரியிலிருந்து வருகிறது என்று சொன்னேன். 2004இலிருந்து வீராணத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. அம்மா, “அதுதான் காபி நன்றாக இருக்கிறது” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பால் மாற்றியிருக்கிறோம்.

04.08.2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, ஊர்க்காரருக்கு ஊர் வருணனை பிடிக்கும், அதனால் எல்லோரும் தாண்டாமல் படிக்க வேண்டும் என்றாகிவிடாது என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அம்மாவும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. பழுவேட்டரையரும் நந்தினியும் தனிமையில் பேசும் இடம், நான் மூச்சுப் பிடித்துப் படிக்கும் இடம், அங்கே அம்மா தூங்கிப்போகிறார். ஆளுக்கு ஆள் தாண்டும் இடம் வேறு.

20.08.2023

அம்மாவுக்காக மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தொடங்கினேன். 1879இல் வந்தது, மேலே முதல் நாவல் என்று நான் குறிப்பிட்டது இதைத்தான். இதைக் கல்லூரி நாட்களில் கண்ணால் படித்துப் பார்த்து, நாற்பதாம் பக்கத்தில் கைவிட்டிருக்கிறேன். கதை போகிற போக்கில் ஒரு கிளைக்கதை, கிளைக்கதைக்குள் ஒரு நீதி, நீதிக்கு மூன்று உதாரணம், ஒவ்வோர் உதாரணத்திலும் ஒரு சொல்லுக்கு நான்கு சொல் அடுக்கு. கண்ணுக்கு இது தாங்காது.

வாய்விட்டுப் படித்தபோது அதே அடுக்கு வேறு வேலை செய்தது. ஒரு சொல் காதில் விழாமல் போனால் அடுத்த சொல் அதைப் பிடித்துக் கொடுத்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார், நடுவில் அடுப்பை அணைக்க எழுந்துபோய் வந்தார், கதை விட்டுப்போகவில்லை. பிரதாபன் பாடம் படிக்காத குற்றத்துக்கு உபாத்தியாயர் தம் சொந்த மகன் கனகசபையை அடிக்கும் இடத்தில் அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், உடனே, “பாவம் அந்தப் பிள்ளை” என்றும் சொன்னார். பணக்கார வீட்டுப் பிள்ளை மேல் கை வைக்கக் கூடாது, ஆனால் யாராவது அடி வாங்கியாக வேண்டும். நான் கல்லூரியில் இந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறேன் போலும், சற்றும் நினைவில்லை.

வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்தவர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டவர். தமிழில் உரைநடை நூல் இல்லாத குறையைப் போக்கவே இதை எழுதியதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். எனக்கென்னவோ, நாள் முழுவதும் வழக்காடுவோர் பேசக் கேட்ட காது அந்த நடையில் தெரிகிறது. எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா என்று ஐயப்பட்டு இன்னொரு முறை சொல்கிறது.

இங்கே என் கறிவேப்பிலை உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கறிவேப்பிலையைத் தட்டில் ஒதுக்கலாம். தாளிக்கும்போதே விட்டுவிட்டால் ரசம் வேறாகிவிடும். நான் செய்துவந்தது இரண்டாவது.

21.08.2023

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நேற்றிரவு வந்த நீதிப் பகுதியில் நானும் தூங்கினேன், அம்மாவும் தூங்கினார். காதும் ஓரளவுக்குத்தான்.

27.08.2023

ரஷ்ய நாவல்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பெயர்க் குழப்பம் இரண்டு நாளில் தெளிந்துவிடும். நடுவில் வரும் பெயர் தகப்பனாருடையது. நாம் தலைப்பெழுத்தாகப் போடுவதை அவர்கள் முழுதாகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். டால்ஸ்டாயின் போரும் வாழ்வும் நாவலை டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழில் படித்திருக்கிறேன். வரலாறு எவ்வாறு இயங்குகிறது என்று ஆசிரியர் வகுப்பு எடுக்கும் இடங்களை, குறிப்பாகப் பின்னுரையின் இரண்டாம் பகுதியை, கூச்சமின்றித் தாண்டினேன். எனக்குத் துணைக்கு ஒரு பெரிய ஆள் உண்டு: 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் டால்ஸ்டாயே அந்தத் தத்துவப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்து, பின்னிணைப்பாகக் கடைசியில் வைத்துவிட்டார். வேண்டியவர் படிக்கட்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. பின்னால் வந்த பதிப்பில் அவை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறொருவர் வந்து சொல்வார்.

17.09.2023

அம்மாவின் அத்தை, எனக்கு அத்தைப்பாட்டி, தொடராக வந்த காலத்தில் வாராவாரம் பொன்னியின் செல்வன் பக்கங்களை இதழிலிருந்து கிழித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார். அவற்றில் இரண்டாம் பாகம் மட்டும் ஊரில் மாமா வீட்டுப் பரணில் இருந்ததென்று சென்ற வாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதுகில் காலிகோ துணி, ஓரங்களில் கரையான் தின்ற வளைவுகள், மணியம் வரைந்த படங்களுக்கு நடுவே ஊறுகாய்க்கறை ஒன்று. சில பக்கங்களின் பின்புறம் வேறொரு கட்டுரையின் பாதி. மலிவுப் பதிப்பை மூடி வைத்துவிட்டு இதிலிருந்தே அம்மாவுக்குப் படித்துவருகிறேன்.

நேற்று பாகத்தின் கடைசிக்கு வந்துவிட்டோம். கடலில் சுழற்காற்று, கப்பல், நெருப்பு. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அச்சுத்தாள் இல்லை. கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று நடுவில் தைக்கப்பட்டிருந்தது. நீல மையில், சாய்ந்த எழுத்தில் அத்தைப்பாட்டி எழுதியிருந்தார். அந்த வார இதழ் கைக்கு வரவில்லை போலும்.

என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டார். ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை, கைபேசியில் இருக்கிறது, எடுத்துப் படிக்கிறேன் என்றேன். அதற்குள் மகள் அந்த அத்தியாயத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். நாவலிலேயே மூச்சு முட்டும் கட்டம், ஒரு வரியையும் விடாமல் படிக்க நானும் தயாராக இருந்தேன்.

“அது கிடக்கட்டும். அத்தை என்ன எழுதியிருக்கிறாள், அதைப் படி” என்றார் அம்மா.

படித்தேன். “இந்த வாரம் புத்தகம் வரவில்லை. கோமளம் சொன்னது: கப்பல் எரிந்துவிட்டது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். பூங்குழலி படகோடு வந்தாள்.”

அம்மா அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.